கல்லுப்பும் கடற்பறவையும்

ரஃபியாவுக்குத் தன் ஓரகத்தி சானியாவின் மேல் பொறாமை உண்டு என்பது அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது. தெரியாதபடிக்கு அவள் அதைக் காத்து வைத்திருந்தாள். நல்ல பட்டுப் புடவையைப் பெட்டிக்கு அடியில் வைப்பதுபோல மடித்து வைத்து, தனியாக இருக்கும்போது மட்டும் எடுத்துப் பார்த்து, மறுபடியும் மடிப்புக் கலையாமல் உள்ளே வைத்துவிடுவாள். அதை ஊர் பார்க்க நடுக்கூடத்தில் விரித்துப் போட வைத்தது, கடலிலிருந்து காற்று அடித்துக்கொண்டு வந்த ஒரு பறவை.

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற சாலையில், முல்லையாற்றுக்கு இந்தப் பக்கம், அவர்களுடைய பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் ‘அபுபக்கர் திராட்சைத் தோட்டம்’ என்று பச்சை எழுத்தில் பலகை. அபுபக்கர் ரஃபியாவின் கணவர். அவர் காலையில் மண்டிக்குப் போனால் மாலையில்தான் திரும்புவார். எந்த வாரத்தில் கவாத்து செய்வது, எந்தக் கொழுந்தைக் கம்பியில் கட்டுவது, எந்தக் கொழுந்தைக் கிள்ளி எறிவது, பழம் நிறம் மாறும்போது எந்த நாளில் பறவை வலையை விரிப்பது, எல்லாம் ரஃபியாவின் கண்ணும் கையும் தீர்மானிக்கிற காரியங்கள். பலகையின் எழுத்துக்குப் பச்சை வண்ணம் அடித்ததும் அவள்தான். வண்ணம் அடிக்கும்போது அது அவளுக்கு உறுத்தவில்லை. சானியா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது.

சானியா, அபுபக்கரின் தம்பி நௌஷாத்தின் மனைவி. நௌஷாத்துக்குக் கோயம்புத்தூரில் வேலை. வாரக் கடைசியில் மட்டும் வருவான். சானியா விலங்கியலில் இரண்டு பட்டம் பெற்று, பெண்கள் கல்லூரி ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். காலையில் அவள் கல்லூரிப் பேருந்தில் ஏறும்போது அவள் பையில் இருக்கும் மதியச் சோறு, ரஃபியா கட்டிக் கொடுத்தது. மாலையில் அவள் இறங்கி வரும்போது தெருவே அவளை ‘டீச்சர்’ என்று அழைக்கும். கட்டிக் கொடுத்தவளைத் தெரு எப்படியும் அழைப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் வயதுக்கு வந்ததும் ரஃபியாவின் படிப்பை நிறுத்தினார்கள். இந்தப் பெண்ணை நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத் தலைமையாசிரியையே வீடு தேடி வந்தார். அவருக்கு டீ கொடுத்து, மரியாதையாகப் பேசி, அனுப்பி வைத்தார்கள். அந்த டீயைக் கொண்டுபோய் வைத்தவளும் ரஃபியாதான்.

பொறாமை பெண்ணின் பிறவிக் குணம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு கூடத்தில் பத்துப் பெண்களை நிற்க வைத்து, ஒரே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார்கள். ஒருத்தி அமர்வாள், ஒன்பது பேர் அவளைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பிறவிக் குணம் என்று பெயர் சூட்டுகிற பெரியவர்கள், மீதி நாற்காலிகள் எங்கே என்று ஒருநாளும் கேட்க மாட்டார்கள். கேட்டால், அவற்றில் தாங்களே அமர்ந்திருப்பது தெரிந்துவிடும். ரஃபியாவும் அப்படிக் கேட்கவில்லை. அமர்ந்திருந்தவளை மட்டுமே பார்த்தாள். பார்த்துப் பார்த்து நெஞ்சு காந்தினாள்.

அந்த வைகாசியில் மேற்குக் கடலில் ஒரு புயல் கிளம்பியது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மரங்கள் சாய்ந்தன. குமுளிக் கணவாய் வழியாகக் காற்று ஊளையிட்டுக்கொண்டு பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. பழம் பழுத்து அறுப்புக்கு நிற்கிற வேளையில் பெய்யக்கூடாத மழை பெய்தது. நீர் குடித்த திராட்சை தோல் வெடித்துச் சாறு கசிந்தது. மழை விட்ட காலையில், சுபுஹு தொழுத கையோடு, ரஃபியா தோட்டத்துக்கு ஓடினாள். வலை கிழிந்திருந்தால் மிச்சப் பழமும் மைனாவுக்குப் போய்விடும்.

வலை கிழியவில்லை. வலையில் ஏதோ தொங்கியது. முதலில் காக்கை என்று நினைத்தாள். கிட்டப் போனபோது அடிவயிறு வெள்ளையாக இருந்தது. முதுகு கரி தடவியதுபோல் கறுப்பு. நெற்றியில் மட்டும் வெள்ளைக் கீற்று. சிறகுகள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். வால் கத்தரிபோல் பிளந்திருந்தது. அப்படி ஒன்றை அந்தப் பள்ளத்தாக்கில் அவள் கண்டதில்லை. ஊசி போன்ற அலகால் அது அவள் பெருவிரலைக் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டு, கவாத்துக் கத்தியால் நூலிழைகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். ஒரு இறகும் ஒடியாமல் எடுத்து, முந்தானையில் சுற்றி, பழம் அடுக்குகிற அட்டைப் பெட்டியில் காகிதம் விரித்துப் படுக்க வைத்தாள். ஊதினால் பறந்துவிடும் என்பதுபோல் அவ்வளவு இலேசாக இருந்தது அந்த உடம்பு.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சானியா பல் துலக்கிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவள் வாய் நுரையைத் துப்பக்கூட மறந்துபோனாள்.

“அக்கா, இது ஆலா. நடுக்கடல்ல இருக்குறது. இது இங்கன எப்பிடி வந்துச்சு?”

“பந்தலுக்கு வந்துச்சு. திராட்ச சாப்புட,” என்றாள் ரஃபியா.

சானியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைப்பேசியில் படம் எடுத்தாள். எங்கெங்கோ இருக்கிற பறவை ஆர்வலர்களுக்கு அனுப்பினாள். கல்லூரிக்கு விடுப்புச் சொன்னாள். நண்பகல் தொழுகைக்கு முன்பாகவே செய்தி உத்தமபாளையம் வரை போய்விட்டது, சானியா டீச்சர் கடல் பறவையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று.

ரஃபியா அப்போது அடுப்படியில் பெருவிரலில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். யார் கண்டுபிடித்தது? யாருடைய வலை? யாருடைய விரல்? இந்த மூன்று கேள்விகளும் அவளுக்குள் வரிசையாக எழுந்து நின்றன. பதில் சொல்ல ஒருவரும் வரவில்லை.

வந்தவர்கள் பறவையைப் பார்க்க வந்தார்கள். தெருப் பெண்கள், எதிர்க்கடை ஆட்கள், போடியிலிருந்து ஏலக்காய் வாங்க வந்த வியாபாரி ஒருவர். வானத்திலிருந்து இறங்கியது நல்ல சகுனம் என்றார் ஒருவர். கெட்ட சகுனம் என்றார் மற்றொருவர். இரண்டுமில்லை என்று சானியா கூடத்தில் நின்று விளக்கினாள். அவளுடைய பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அதுவே ரஃபியாவுக்குப் பொறுக்கவில்லை. கடல் சூடாகிக்கொண்டே வருகிறது, மேலே திரிந்த சின்ன மீன்கள் குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போய்விடுகின்றன, இந்தப் பறவைக்கு ஆழத்தில் மூழ்கத் தெரியாது, பறந்தபடியே மேல்நீரில் கொத்துவதுதான் அதன் பிழைப்பு, ஆகவே இரை தேடி வெகுதூரம் போகிறது, அது திரும்பி வருவதற்குள் தீவில் விட்டுவந்த குஞ்சு பட்டினியில் சாகிறது என்றாள். இப்படி வயிறு காய்ந்து கிடக்கிற பறவையை, முன்பெல்லாம் எப்போதாவது வந்து இப்போது அடிக்கடி வருகிற புயல் தூக்கிக்கொண்டு போகிறது. எதிர்த்துப் பறக்க அதற்குச் சதையில்லை என்றாள்.

ரஃபியாவுக்கு அது சட்டென்று விளங்கியது. அங்கே இருந்த வேறு எவருக்கும் அத்தனை சீக்கிரம் விளங்கியிருக்காது. குளிர் வேண்டிய மாதத்தில் குளிர் இல்லாமல், கவாத்துக்குப் பிறகு துளிர்க் கண் திறக்காமல் நின்ற கொடிகளை அவள் மூன்று வெள்ளாமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “நம்ம கொடியும் இதே கததான். காலம் தெரியாமப் பூத்து, காலம் தெரியாம வெடிக்குது,” என்று வாயெடுத்தாள்.

“நீ செத்த சும்மா இரு ரஃபியா. டீச்சர் சொல்லிக்கிட்டிருக்காகல்ல,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சானியாவின் காதில் அது விழுந்ததா இல்லையா என்று ரஃபியாவுக்குத் தெரியாது. விழுந்தது, விழுந்தும் பேசாமல் இருந்தாள் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். பொறாமைக்கு இரண்டு காதுகள் போதா. அது பிறர் காதையும் வாங்கி வைத்துக்கொண்டு கேட்கும்.

மாலையில் அபுபக்கர் மண்டியிலிருந்து வந்தார். வெடித்த பழத்தை ரஃபியா ஆள் வைத்துத் தரம் பிரித்ததையோ, வலையை மீண்டும் கட்டியதையோ அவர் கேட்கவில்லை. மண்டியில் நாலு பேர் விசாரித்ததாகவும், என் தம்பி சம்சாரம் என்று தான் சொன்னதாகவும் சொல்லி மீசைக்குள் மகிழ்ந்தார். அவர் பின்னாலேயே விஜய்ராஜ் வந்தான். கம்பத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு பள்ளத்தாக்குச் செய்திகள் போடுகிற இளைஞன். சானியாவை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, பெட்டியை அவள் கையில் கொடுத்துப் படம் பிடித்தான். ரஃபியா கதவோரம் நின்றாள். தன்னிடமும் ஒரு கேள்வி வரும் என்றுதான் நின்றாள்.

“அக்கா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. உங்க நெழலு பறவ மேல விழுது,” என்றான் அவன்.

அந்த ஒரு சொல்லில் பல வருடத்து மடிப்பு கலைந்தது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கூடத்தில் விஜய்ராஜ் நாளைக் காலையில் வனத்துறை ஆட்களோடு வருவதாகவும், பறவையைக் கடற்கரையில் இருக்கும் பராமரிப்புக் கூடத்துக்கு ஒப்படைப்பதை நேரடியாகக் காட்டப்போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டது. சானியா பெட்டியைத் தன் அறைக்கு எடுத்துப் போகும்போது அடுப்படியில் தலையை நீட்டினாள்.

“அக்கா, இதுக்கு யாரும் தண்ணி காட்ட வேணாம். நான் பாத்துக்கிறேன்.”

ஏன் என்று சொல்லவில்லை. ரஃபியாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். கடலில் பிறந்த பறவைக்குத் தண்ணீர் காட்டக்கூடாதாம் என்று அவள் அன்று படுக்கையில் புரண்டாள். நீரில்லாமல் அடைத்து, நோஞ்சானாக வைத்திருந்து, நாளைக்குக் கேமராவுக்கு முன்னால் பிழைக்க வைத்துக் காட்டுவதற்கான உபாயம் இது. அந்த உயிரை வலையிலிருந்து எடுத்தவள் நான். அதைக் கடலுக்கு விடுகிறவளும் நானாகத்தான் இருப்பேன். பள்ளத்தாக்கில் கடல் இல்லை. ஆனால் தோட்டத்தில் குட்டை இருக்கிறது. நீரில் இரண்டு நாழிகை நீந்தினால் அதற்குத் தெம்பு வரும். தெம்பு வந்தால் தானே எழும்பி மலையைத் தாண்டிப் போகும். விஜய்ராஜ் வந்து வெறும் பெட்டியைப் படம் பிடிக்கட்டும்.

விடிந்து வெளிச்சம் வந்ததும் சானியா குளிக்கப் போனாள். ரஃபியா அறைக்குள் புகுந்து பெட்டியைத் தூக்கினாள். வாசல்வரை வந்தவள் ஒரு யோசனை தோன்றித் திரும்பினாள். அடுப்படி ஜாடியிலிருந்து கல்லுப்பை இரண்டு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். கடல் என்றால் உப்பு. உப்பில்லாத நீரை அந்தப் பறவை எப்படிக் கடல் என்று நம்பும்?

சொட்டுநீர்ப் பாசனத்துக்காகத் தோட்டத்தின் மேட்டில் வெட்டி, கருப்புப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக் குட்டை அது. புயல் மழையில் நிறைந்து கிடந்தது. எந்தக் கூலியாளும் அதில் கைகழுவக்கூட ரஃபியா விடமாட்டாள். சோற்றுப் பாத்திரத்தின் உப்பு கொடியின் வேருக்குப் போகும் என்று ஒருமுறை, கூலிக்கு வரும் மொக்கம்மாளைத் தெரு கேட்கத் திட்டியிருக்கிறாள். அதே ரஃபியா கரையில் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்து, தன் கையாலேயே கல்லுப்பை அந்த நீரில் விதைத்தாள். பிறகு பறவையை இரண்டு கையாலும் ஏந்தி, பிஸ்மி சொல்லி, நீரின் மேல் வைத்தாள்.

அது நீந்தவில்லை.

முதலில் நீண்ட சிறகுகளை விரித்து நீரை அடித்தது. எழும்புகிறது என்று ரஃபியா மகிழ்ந்தாள். அடித்த அடியில் அது கரையை விட்டு விலகியதே தவிர எழும்பவில்லை. சிறகில் நீர் ஏறியது. உலர்ந்த துணியில் தண்ணீர் பரவுவதுபோல் கறுப்பு முதுகில் ஈரம் பரவுவதை அவள் கண்ணால் பார்த்தாள். வாத்து மிதக்கும், நீர்க்கோழி மிதக்கும், முல்லையாற்றில் நாரைகூட இறகை உதறிக்கொண்டு எழும். இதுவோ நனைந்த காகிதம்போல் தளர்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குரல்கூட எழுப்பவில்லை.

ரஃபியா குட்டைக்குள் இறங்கினாள். பாசி பிடித்த விரிப்பு காலை வாரிவிட்டது. சறுக்கிக்கொண்டே போய்க் கழுத்தளவு நீரில் விழுந்தாள். எட்டிப் பறவையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். கரைக்குத் திரும்ப ஒரு காலை வைத்தாள், வழுக்கியது; மற்றொரு காலை வைத்தாள், அதுவும் வழுக்கியது. புடவை காலைச் சுற்றியது. நீர் வாய்க்குள் புகுந்தது, உப்புக் கரிப்பதாகத் தோன்றியது. தான் போட்ட உப்பு.

பழம் பொறுக்க வந்துகொண்டிருந்த மொக்கம்மாள்தான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலுக்கு முன்பே வீட்டில் பெட்டியைக் காணாமல் தேடிக்கொண்டு, ஈரத் தலையோடு சானியா ஓடி வந்துகொண்டிருந்தாள். வரப்பில் சுருட்டிக் கிடந்த சொட்டுநீர்க் குழாயை மொக்கம்மாள் இழுத்துவந்து ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சானியா விரிப்பின் விளிம்பில் வயிறு படியப் படுத்துக் கையை நீட்டினாள்.

“பறவைய மொதல்ல குடுங்க.”

சாவுக்கும் கரைக்கும் நடுவே நின்ற அந்த நேரத்திலும் ரஃபியாவுக்குச் சுருக்கென்றது. என்னைக் கேட்கவில்லை, பறவையைக் கேட்கிறாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தூக்கிப் பிடித்த கையை அவள் நீட்டவில்லை. பறவையின் கண் அவளைப் பார்த்தது. அதில் நன்றியும் இல்லை, பகையும் இல்லை. எந்தக் கை தன்னைக் காப்பாற்றியது, எந்தக் கை மூழ்கடித்தது என்று அது கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ரஃபியா கையை நீட்டினாள். பறவை சானியாவின் கைக்குப் போனது. பிறகு குழாய் வந்தது. இரண்டு பெண்களும் பிடித்து இழுக்க, முழங்கை சிராய்ந்து, அவள் கரைக்கு வந்தாள்.

சானியா பறவையோடு ஓடினாள். மோட்டார் அறையில் குண்டு பல்பைப் போட்டு, அதன் சூட்டில் பறவையை மடியில் வைத்து, தன் துப்பட்டாவால் இறகு இறகாக ஒற்றி எடுத்தாள். ஒற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். இந்த ஆலா தண்ணீரில் உட்காராது. வாத்தின் இறகுபோல் இதன் இறகு நீரைத் தள்ளாது. கடலுக்கு மேலேயே வருடக்கணக்கில் பறந்துகொண்டிருக்கும். கடலில் விழுந்தால் முழுகிச் சாகும்.

“கடல்ல கெடக்குறதுக்கு நீச்சத் தெரியாதாக்கும்?” என்றாள் மொக்கம்மாள். “அதுசரி. மலைக்கடியில கெடக்கோம்னு நம்மெல்லாம் மலையேறவா செய்றோம்.”

ரஃபியா ஈரப் புடவையோடு சுவரோரம் நின்றாள். “நீ இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல,” என்றாள்.

சானியா அப்போதுதான் நிமிர்ந்தாள். “சொல்லியிருக்கலாம். எனக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு இருக்கட்டும்னு இருந்துட்டேன். இந்தத் தோட்டத்துல ஒரு எலைய நான் தொட்டாக்கூட, அது உங்களுக்குத் தெரியாது டீச்சர்ங்கிறாக. சம்பளத்துக்குப் பாடம் எடுக்குறவ, பந்தல்ல என்ன வேலங்கிறாக. ஊருக்கு நான் டீச்சரு. வீட்டுக்கு நீங்கதான எல்லாம்.”

ரஃபியாவுக்கு இது ஆறுதலாக இல்லை. தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட முடியும் என்பதே அவளுக்குப் புதிய செய்தி. அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஆளுக்கு அரை நாற்காலியைக் கொடுத்து, மற்றவளுடைய அரையைப் பார்த்து ஏங்க வைத்திருந்தார்கள். பறவையின் வாலில் நீர் சொட்டுவது நின்றது. அது ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். இரண்டாவது முறையும் சிலிர்த்தது.

அபுபக்கர் விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் அவர் முதலில் தீர்மானித்தது, வெளியே என்ன சொல்வது என்பதைத்தான். மனைவி திருட்டுத்தனமாகப் பறவையைத் தூக்கிக்கொண்டு போனாள் என்றால் குடும்பத்து மானம் என்னாவது? ஆகவே வனக்காப்பாளர் ஒச்சாண்டியும் விஜய்ராஜும் ஜீப்பில் வந்து இறங்கியபோது, அவரே முந்திக்கொண்டார். பறவை பெட்டியிலிருந்து தப்பிப் பறந்து குட்டையில் விழுந்துவிட்டதாகவும், தன் மனைவி உயிரைப் பொருட்படுத்தாமல் குதித்துக் காப்பாற்றியதாகவும் சொன்னார். சானியா மறுக்கவில்லை. மறுக்காததோடு, வலையிலிருந்து பறவையை எடுத்ததும் அக்காதான், முதலில் கண்டவரும் அக்காதான், நேற்றே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

விஜய்ராஜ் கண் விரிந்தது. அவன் ரஃபியாவைக் கூப்பிட்டு, தோட்டத்து நடுவில், நல்ல வெளிச்சத்தில் நிறுத்தினான். நேற்று யாருடைய நிழல் இடைஞ்சலாக இருந்ததோ அவளுக்கு, இன்று முகத்தில் நிழல் விழாதபடி ஒச்சாண்டி ஒரு பந்தல் கிளையை ஒதுக்கிப் பிடித்தார். வேலையாட்கள் கூடினார்கள். அபுபக்கர் அவள் பக்கத்தில் வந்து நின்று, என் சம்சாரம் என்றார். இத்தனை வருடத்தில் மண்டியில் ஒருநாளும் சொல்லாத சொல். அவள் ஏங்கியதெல்லாம் ஒன்றுவிடாமல் அவள் முன்னால் வைக்கப்பட்டிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் அவளுடையது.

புயல் இப்போது அடிக்கடி வருகிறது என்று சானியா கூடத்தில் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அடுத்த புயலில் இன்னொரு பறவை வந்து விழும். அது கூடலூரில் விழலாம், பண்ணைப்புரத்தில் விழலாம். அதை எடுக்கிறவளும் தன்னைப்போலவே நல்லெண்ணத்தோடு குட்டைக்குக் கொண்டுபோவாள். அங்கே கழுத்தளவு நீரில் இறங்க யாரும் இருக்க மாட்டார்கள்.

“நில்லு தம்பி,” என்றாள். “குதிச்சது நெசம். ஆனா அது தானா தப்பிப் போகல. அங்கன கொண்டுபோய்த் தண்ணியில விட்டதே நான்தான். கடல் பறவதான, நீந்தும்னு நெனச்சேன். இது நீந்தாது, எறகு நனஞ்சா முழுகிரும். எனக்குத் தெரியல, இங்கன நெறையாப் பேருக்குத் தெரியாது. உப்பு வேற போட்டேன். ஒங்க தோட்டத்துல ஒண்ணு வந்து விழுந்தா தண்ணியில விடாதீக. அட்டப் பெட்டியில வச்சு, மூடி, இருட்டாக்கி, தெரிஞ்சவுகளக் கூப்பிடுங்க.”

வேலையாட்களிடம் ஒரு சலசலப்பு எழுந்தது. விஜய்ராஜ் கைப்பேசியைத் தாழ்த்தவில்லை. “எதுக்குக்கா சொல்லாமக் கொண்டுபோனீக?” என்றான்.

அபுபக்கர் குறுக்கே வந்து, போதும், கைப்பேசியை அமர்த்து என்றார். ரஃபியா அவர் கையை மெல்ல விலக்கினாள். அப்படி விலக்குவது அதுவே முதல் தடவை என்பதை விலக்கிய பிறகுதான் உணர்ந்தாள்.

“பொறாமதான். வலையில இருந்து எடுத்தது நானு. பேரு அவளுக்குப் போச்சு. அது எனக்குப் பொறுக்கல. பொறுக்கலன்னு வாய்விட்டுச் சொல்லியிருந்தா இந்த வாயில்லாச் சீவன் தண்ணி குடிச்சிருக்காது.”

அபுபக்கர் தலையைக் குனிந்துகொண்டு பந்தலுக்குள் போய்விட்டார். மொக்கம்மாள் மட்டும், “உப்பு போட்டத இன்னொருக்காச் சொல்லு ஆத்தா. என்னையத் திட்டுனது தெருவுக்கே தெரியும்,” என்றாள். கூட்டம் சிரித்தது. ரஃபியாவுக்கும் உதடு கோணியது.

ஒச்சாண்டி பெட்டியை வாங்கிப் பார்த்தார். கடற்கரைவரை பெட்டி குலுங்காமல் மடியில் வைத்துக்கொள்ள, பறவையைப் பற்றித் தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது என்றார். எல்லாக் கண்களும் சானியாவிடம் போயின. போகத்தான் செய்யும், அதுதான் நியாயம். சானியா ஜீப்பின் முன்னிருக்கையில் ஏறிப் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியைக் கண்டதும் ரஃபியாவின் நெஞ்சில் பழைய காந்தல், சூடு குறையாமல், இருந்த இடத்திலேயே மூண்டது. உண்மையைச் சொன்னதால் அது ஒரு கடுகளவும் தணியவில்லை. கடல் அவளுக்கு, அலை அவளுக்கு, கூடு திரும்பும் பறவையின் முதல் சிறகடிப்பும் அவளுக்கு.

ரஃபியா ஜீப்பின் ஜன்னலைப் பிடித்தாள்.

“எனக்கு இப்பவும் பொறாமையாத்தான் இருக்கு. நானும் வாரேன்.”

சானியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முழங்கையில் சிராய்ப்பு, பெருவிரலில் கட்டு, இன்னும் உலராத தலை. “பின்னால ஏறுங்க,” என்றாள். “பெட்டி எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க ஒருதடவ எடுத்துட்டுப் போனது போதும்.”

பந்தலுக்குள்ளிருந்து அபுபக்கரின் குரல் வந்தது. வெடித்த பழத்தை யார் பிரிப்பது, சாயங்காலம் வண்டி வருமே, யார் நின்று ஏற்றுவது என்று கேட்டார். மொக்கம்மாளுக்கு எல்லாம் தெரியும், அவளைக் கேட்டுச் செய்யுங்கள் என்று ரஃபியா பதில் சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னிருக்கையில் ஏறினாள். ஜீப் கிளம்பியது. சின்னமனூர் தாண்டியது.

அதன்பிறகு ரஃபியாவால் பொறுக்க முடியவில்லை. முன்னால் எக்கி, சானியாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பெட்டியின் மூடிதான் தெரிந்தது.

“கண்ணத் தொறந்திருக்கா?” என்று கேட்டாள்.

சானியா மூடியை விரல் அளவு தூக்கி, தான் மட்டும் குனிந்து பார்த்தாள்.

“தொறந்திருக்கு,” என்றாள், பார்த்துவிட்டு மூடியை மூடிக்கொண்டாள்.

ரஃபியா இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் எக்கினாள்.